உடும்புக்காக மூட்டிய தீ

தீக்குச்சியை நான் கிழிக்கட்டுமா என்று கேட்டேன். பாட்டி என்னைத் திரும்பியும் பார்க்காமல், வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். 2011ஆம் ஆண்டு ஜூலை மாதத்துக் குளிர்காலைப் பொழுது அது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைப்பகுதியில், பண்ங்குர் என்னும் சிற்றூருக்கு வெளியே, ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டு முழங்காலளவு வளர்ந்திருந்த ஸ்பினிஃபெக்ஸ் புல்லின் விளிம்பில் நான்கு பெண்களும் இரண்டு குழந்தைகளும் ஒரு கிழட்டு நாயும் நானும் நின்றுகொண்டிருந்தோம். பாட்டி ஒரு பிடி மணலை அள்ளி விரல்களின் இடுக்கில் ஒழுகவிட்டார். அது விழுந்த திசையைப் பார்த்தார். பத்தடி நகர்ந்து போய்க் குனிந்து ஒரு புதரின் அடியில் நெருப்பு வைத்தார். பிறகு, எரிகிற ஒரு கொத்தைக் குச்சியால் இழுத்துக்கொண்டே காற்றுக்குக் குறுக்காக நடந்தார். அவர் நடந்த வழியெல்லாம் தீ ஒரு கோடாக எழுந்து, காற்றின் போக்கில் நகர ஆரம்பித்தது.

நான் அங்கே போனது வேட்டைக்காக அல்ல. பாலைவனத்துச் சமூகக் குடியிருப்புகளில் ஆழ்துளைக் கிணறுகளின் பம்புகளைச் சோதித்துப் பழுதுபார்க்கும் ஒப்பந்த வேலையில் அப்போது இருந்தேன். உதிரிபாகம் ஒன்று வந்துசேர இரண்டு நாள் தாமதமாகும் என்று தெரிந்ததும், சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளைத் தோண்டுவதற்காவது பயன்படுத்தலாம் என்று அந்தப் பெண்கள் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். பாட்டி என்று நான் அழைப்பதும் மரியாதைக்காகச் சொன்ன சொல் மட்டுமல்ல. அந்தப் பாலையின் பூர்வகுடிகளான மார்டு மக்களிடையே கரிமர்ரா, பணக்கா, மிலங்கா, புருங்கு என நான்கு உறவுப்பிரிவுகள் உண்டு. ஒரு பிரிவில் வைக்கப்படாத ஆளை எந்த முறை சொல்லி அழைப்பது என்று அங்கே எவருக்கும் தெரியாது. என்னைத் தன் பிரிவிலேயே சேர்த்துவிட்டார் அவர். தாயைப் பெற்ற பாட்டியும் பேரனும் ஒரே பிரிவில் வருவார்கள் என்பது அவர்களின் கணக்கு. ஆகவே நான் பேரன். அவர் இப்போது இல்லை. இறந்தவரின் பெயரை உச்சரிப்பதில்லை என்பது அவர்களுடைய வழக்கம் என்பதால் இங்கேயும் பாட்டி என்றே எழுதுகிறேன்.

தீ போன பின்னால் நடப்பதுதான் வேலை. சாம்பல் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும்போதே பெண்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து, தலையைத் தாழ்த்தி மெல்ல நடந்தார்கள். மணல் உடும்பு குளிர்காலத்தில் வளைக்குள் முடங்கிக் கிடக்கும். புல் மூடியிருக்கும்போது வளை வாயைக் கண்டுபிடிப்பது ஏறத்தாழ இயலாத காரியம். புல் எரிந்து கரிந்த தரையிலோ, வெளியே தள்ளப்பட்ட புதுமண் சிவப்பாகத் தெரியும். இந்த உடும்பை அவர்கள் பணஜர்பா என்கிறார்கள். பாட்டி ஓரிடத்தில் நின்று, கையிலிருந்த வானாவால் தரையைக் குத்திக் குத்திப் பார்த்தார். வானா என்பது தோண்டுகோல். அவருடைய இளமையில் அது கடினமான மரத்தில் செதுக்கி நெருப்பில் வாட்டிய கோலாக இருந்தது, இப்போது இரும்புக் கடப்பாரை. கோல் எளிதாக உள்ளே இறங்கிய இடத்தில் வளை ஓடுகிறது என்று பொருள். எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவர் கோலின் சத்தத்தைக் கொண்டே சொல்லிவிட்டார். நான் அருகே போய்ப் பார்க்கும் ஆவலில் சரியாக அந்த வளையின் மேலேயே காலை வைத்தேன். மண் சரிந்து வளை மூடிக்கொண்டது. நான்கு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு அரைமணி நேரம் போல் தோண்டவேண்டியிருந்தது. கடைசியில் பாட்டி முழங்கை வரை கையை உள்ளே விட்டு, வாலைப் பிடித்து வெளியே இழுத்து, ஒரே அடியில் அதன் தலையைச் சிதைத்தார். மதியத்துக்குள் நால்வரும் சேர்ந்து ஒன்பது உடும்புகளைப் பிடித்திருந்தார்கள். தீ, தானாகவே, முன்பு எப்போதோ எரிந்து இன்னும் புல் அடர்த்தியாகாத ஒரு பழைய எரிபரப்பின் விளிம்பில் போய் அணைந்திருந்தது. அணைப்பதற்கு யாரும் ஓடவில்லை. அது அங்கே போய்த்தான் நிற்கும் என்பது வைக்கும்போதே பாட்டிக்குத் தெரிந்திருந்தது.

நான் வளர்ந்த ஊரில் காட்டைக் காப்பது என்றால் வேலி போடுவது, 'அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்' என்று பலகை வைப்பது, உள்ளே கிழங்கு தோண்டுகிறவரையும் விறகு பொறுக்குகிறவரையும் வெளியே அனுப்புவது. அந்தப் பாடத்தோடுதான் ஆஸ்திரேலியாவுக்கு வந்திருந்தேன். ஆகவே ஒன்பது உடும்புகளையும் வரிசையாகக் கிடத்தியிருந்ததைப் பார்த்தபோது, நான் மனத்துக்குள் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் குளிர்காலம் முழுக்க இப்படியே பிடித்தால் எத்தனை மிஞ்சும் என்று கேட்டும்விட்டேன். பாட்டிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. நான் வேறு விதமாகக் கேட்டதும் அவருடைய மகள் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நாங்கள் வந்து தோண்டாமல் விட்டால்தான் அது போய்விடும்."

அன்று அதை ஒரு நம்பிக்கை என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். பெர்த்துக்குத் திரும்பிய பிறகு படித்தபோதுதான், அந்த வாக்கியத்தையே பல ஆண்டுகளாகச் சிலர் அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ரெபேக்கா பிளீஜ் பேர்ட், டக்ளஸ் பேர்ட் என்னும் மானுடவியலாளர்களும் அவர்களுடைய சகாக்களும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மார்டு மக்களுடன் நடந்து, யார் எங்கே எவ்வளவு நேரம் வேட்டையாடினார், எவ்வளவு இறைச்சி கிடைத்தது, எந்த இடம் எப்போது எரிந்தது என்பதையெல்லாம் பதிவுசெய்து, செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டார்கள். 2008இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, குளிர்கால உடும்பு வேட்டைக்காகப் பெண்கள் வைக்கும் சிறு தீக்களே அந்த நிலத்தை வெவ்வேறு வயதுடைய புல்திட்டுகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன என்று காட்டியது. 2013இல் வந்த இன்னோர் ஆய்வின் முடிவு இதைவிட வியப்பானது: உடும்பு வேட்டை அதிகமாக நடக்கும் இடங்களில்தான் உடும்புகள் அதிகமாக இருக்கின்றன; மக்கள் எட்டிப் பார்க்காத தொலைவில் அவை குறைவு.

இதில் மாயம் எதுவும் இல்லை. மணல் உடும்புக்கு ஒளிந்துகொள்ள அடர்ந்த புல் வேண்டும். இரை தேட வெட்டவெளியும் இளந்தளிரும் வேண்டும். இரண்டும் அருகருகே இருக்கும் விளிம்பே அதற்கு உகந்த இடம். ஒரு பெரிய பரப்பு முழுவதும் ஒரே வயதுப் புல்லாக இருந்தால் விளிம்பு எங்கோ ஒரு மூலையில்தான் இருக்கும். அதே பரப்பு நூறு சிறு திட்டுகளாகக் கிடந்தால் நடக்கும் வழியெல்லாம் விளிம்புதான். வேட்டையில் இழந்ததைவிட விளிம்பில் பெருகியது அதிகம். என் கழித்தல் கணக்கில் நான் விட்டுவிட்ட எண் அதுதான்.

எரிந்த நிலத்தின் வயதுக்கு மார்டு மொழியில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. தீ போன கரிநிலம் ஞுண்மா. மழை பெய்து முதல் தளிர் எட்டிப் பார்க்கும்போது வாரு-வாரு. வாரு என்றால் நெருப்பு. பழமும் விதையும் தரும் செடிகள் நிறைந்து நிற்கும் பருவம் ஞுகுரா. அவற்றை ஒதுக்கிவிட்டு ஸ்பினிஃபெக்ஸ் மறுபடியும் தலைதூக்கி, தீ தொடர்ந்து ஓடுமளவுக்கு நெருங்கினால் மங்கூ. அதுவும் முதிர்ந்து நடுப்பகுதி பட்டுப்போய், நடக்கவும் முடியாத கிழட்டுப் புல்வெளி குணார்க்கா. நம் ஊர் உழவர் தரிசு, நஞ்சை, புஞ்சை என்று ஒரே பார்வையில் சொல்வதைப்போல, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சன்னலுக்கு வெளியே பார்த்து, இது மங்கூ, அது ஞுகுரா என்று குழந்தைகள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். இடையில் ஒன்று சொல்லவேண்டும்: அவர்கள் உச்சரித்த ஞகரமும் ணகரமும் சொல்லின் முதலில் வரும் ஙகரமும் ஆங்கில எழுத்தில் படும் பாட்டைப் பார்த்தால், தமிழ் எழுத்தே மேல் என்று தோன்றும். இந்த ஒலி ஒற்றுமையைக் கொண்டு இரு மொழிக்கும் உறவு கொண்டாடுகிறவர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை; எனக்கும் அந்த உறவு தேவைப்படவில்லை. பேரன் என்று ஆன பிறகு வேறென்ன?

ஞுகுரா நிலத்தில்தான் சேகரிப்பு. அங்கே கிடைக்கும் காட்டுத் தக்காளியில் ஒரு வகைக்கு வாமுலா என்று பெயர். நம் சுண்டைக்காய்க்கும் கத்தரிக்கும் உறவான செடி. தீ பட்டு இரண்டு மூன்று ஆண்டுகளில் அது பெருகும். ஸ்பினிஃபெக்ஸ் மூடிக்கொண்டால் மறைந்துபோகும். பழத்தைப் பிளந்து, கசக்கும் கருவிதைகளை ஒரு சிறு குச்சியால் சுரண்டி வெளியே தட்டிவிட்டுத் தோலையும் சதையையும் மட்டும் உண்பார்கள். முன்பெல்லாம் சுரண்டிய பழங்களை நீளமான குச்சியில் கோத்து வெயிலில் உலர்த்திப் பஞ்சகாலத்துக்கு வைத்திருப்பார்களாம். சுரண்டிய விதை எங்கே விழுகிறது என்று யாரும் கவனிப்பதில்லை. அடுப்படி ஓரத்திலும் நடைபாதையிலும் விழுகிறது. புல்லரிசியும் உண்டு: வங்குனு என்னும் புல்லின் விதையை அரைத்துச் சாம்பலில் சுட்ட அடை, மாவு மூட்டை கடைக்கு வரும்வரை அவர்களின் அன்றாட உணவுகளில் ஒன்று.

இந்தத் திட்டுக்கட்டான நிலம் எப்படி இருந்தது, எப்படிக் குலைந்தது என்பதற்கு வானிலிருந்தே சான்று இருக்கிறது. மேற்குப் பாலையின் ஒரு பகுதியில் 1953இல் எடுக்கப்பட்ட வான்படங்களில், மக்கள் இன்னும் நடமாடிக்கொண்டிருந்த நிலம் சிறுசிறு எரிதழும்புகளால் நிறைந்திருக்கிறது. பிறகு மக்கள் வெளியேறினார்கள், சிலர் வெளியேற்றப்பட்டார்கள். 1964இல் தென் ஆஸ்திரேலியாவின் ஏவுதளமான ஊமராவிலிருந்து புளூ ஸ்ட்ரீக் ராக்கெட்டை ஏவ ஏற்பாடானபோது, அதன் பாகங்கள் விழக்கூடிய பகுதியில் ஆட்கள் இருக்கிறார்களா என்று தேடிப்போன ரோந்து அதிகாரிகள், பெர்சிவல் ஏரிப்பகுதியில் 20 பெண்களும் குழந்தைகளுமாக ஒரு குழுவைக் கண்டார்கள். வெள்ளையரோடு அதுவரை பழகியிராத அவர்களைப் பாலையோரத்து மிஷன் குடியிருப்பான ஜிகலாங்குக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்பும் அதே ஆண்டுகளிலுமாகப் பாலை நிலம் ஏறத்தாழ ஆளற்றுப் போனது. தீ வைக்க யாரும் இல்லாத இருபது ஆண்டுகளில் புல் முழுவதும் ஒன்றாகக் கிழடு தட்டியது. கோடையில் மின்னல் விழுந்தால் நாள்கணக்கில், கண்ணுக்கெட்டிய தூரத்தையும் தாண்டி எரிந்தது.

அந்தக் காலத்தில்தான் பாலையின் சிறு பாலூட்டிகள் பலவும் காணாமல் போயின. ஐரோப்பியர் கொண்டுவந்த பூனையும் நரியும் இதில் பெரும்பங்கு வகித்தன. தீயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும்: பெருந்தீ ஒதுங்கிடத்தை அழிக்கும், வெட்டவெளியில் நிற்கும் பிராணியைப் பூனை தின்னும். மாலா என்னும் சிறு வல்லபியின், அதாவது குட்டிக் கங்காரு இனத்தின், கதை இதற்கு உதாரணம். வட ஆட்புலத்தின் டனாமி பாலையில் மிஞ்சியிருந்த இரண்டு கூட்டங்களில் ஒன்றை 1987இல் நரி முடித்தது. மற்றொன்றை 1991இல் ஒரே காட்டுத்தீ முடித்தது. அதன் பின் பெருநிலத்தில் அது வேலியிட்ட காப்பிடங்களில்தான் இருக்கிறது. டனாமியின் பூர்வகுடிகளான வால்பிரி மக்கள் அந்த மண்ணில் நடந்து எரித்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் மாலா அவர்களுக்கு உணவாகவும் இருந்தது, உயிரோடும் இருந்தது.

1980களில் மார்டு குடும்பங்கள் திரும்பி வந்து பண்ங்குர், புன்மு, குனவரிட்ஜி ஆகிய ஊர்களை அமைத்துக்கொண்டார்கள். யுரேனியம் தேடும் நிறுவனங்கள் தங்கள் மண்ணைத் துளையிடுவதைக் கண்டதும் அந்தத் திரும்புதலுக்கு ஒரு காரணம். 2002இல் நீதிமன்றம் சுமார் 136,000 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மீது அவர்களுடைய பூர்வீக உரிமையை ஏற்றது. தமிழ்நாட்டைவிடச் சற்றுப் பெரிய பரப்பு அது. அதில் நிரந்தரமாக வாழ்கிறவர்கள் ஓரிரு தெருக்களில் அடங்கிவிடுவார்கள். ஆகவே ஊரைச் சுற்றியும் வண்டித்தடங்களின் ஓரமாகவும் மட்டுமே நிலம் மறுபடியும் சிறு திட்டுகளானது. செயற்கைக்கோள் படத்தில் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் கூரைகளைத் தேட வேண்டாம். நிலம் எங்கே பொடிப்பொடியாக இருக்கிறதோ அங்கே பார்த்தால் போதும்.

அந்தப் பொடிப்பொடியான அமைப்பு யாருடைய திட்டமும் அல்ல என்பதுதான் என்னை நெடுநாள் யோசிக்கவைத்தது. பாட்டி அன்று தீ வைத்தது பல்லுயிர்ப் பெருக்கத்துக்காக அல்ல, மதியச் சாப்பாட்டுக்காக. அதற்காக அவரை நிலத்தைப் பற்றி அக்கறை அற்றவர் என்று சொல்ல முடியுமா? கன்யிர்னின்பா என்று அவர்களிடம் ஒரு சொல் உண்டு. பிடித்துக்கொண்டிருத்தல் என்பது நேர்ப்பொருள். குழந்தையை இடுப்பில் வைத்திருப்பதும், பெரியவர் சிறியவரை வளர்த்து ஆளாக்குவதும், நிலத்தையும் அதன் விதியையும் வைத்துக் காப்பதும் எல்லாம் அந்த ஒரே சொல்தான். 2005இல் மார்டு மக்கள் தங்கள் நிலத்துக்கும் பண்பாட்டுக்குமாக அமைத்துக்கொண்ட அமைப்புக்கும் கன்யிர்னின்பா ஜுகுர்பா என்றே பெயர். ஜுகுர்பா என்பது, முன்னோர் உலகைப் படைத்து நடந்த காலமும் அவர்கள் விட்டுச்சென்ற விதியும் சேர்ந்தது. உடும்பையும் அதன் வளையையும் வேட்டையையும் அந்த விதியே ஒன்றாகப் படைத்தது. ஒன்றைச் செய்யாமல் விட்டால் மற்றொன்று நிற்காது. இடுப்பில் இருக்கும் குழந்தையைத் தூக்குவது வேலை, கொஞ்சுவது அன்பு என்று யாராவது பிரித்துக் கணக்கெழுதுவார்களா? உண்பதையும் காப்பதையும் பிரித்துக் கேட்டதால்தான் என் கேள்வி பாட்டிக்கு விளங்கவில்லை.

இதற்காக அவர்கள் எங்கே வேண்டுமானாலும் எரிப்பார்கள், எதை வேண்டுமானாலும் பிடிப்பார்கள் என்று நினைக்கக் கூடாது. ஒரு நிலத்தில் தீ வைக்க உரிமை உள்ளவர் இன்னார் என்று வரையறை இருக்கிறது. தீ எல்லை தாண்டி இன்னொருவரின் புனித இடத்தில் ஏறிவிட்டால் வைத்தவர் பதில் சொல்லியாக வேண்டும், தண்டனையும் உண்டு. தீக்குச்சியை நான் கிழிக்கக் கேட்டபோது பாட்டி மறுத்ததன் காரணம், மாலையில் வண்டியில் அவருடைய மகள் விளக்கிய பிறகே எனக்குப் புரிந்தது. நான் தவறாக எரித்துவிடுவேன் என்ற பயம் மட்டுமல்ல அது. நான் வைத்த தீக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்காது.

எல்லா விலங்குக்கும் உடும்புக் கணக்கு பொருந்துவதும் இல்லை. மலைக் கங்காருவைப் பற்றி அதே ஆய்வாளர்கள் 2014இல் எழுதியது, வேட்டையும் தீயும் நடுத்தரமான அளவில் இருக்கும் இடங்களிலேயே அது அதிகம் என்பது. ஊருக்கு மிக அருகில், துப்பாக்கி அடிக்கடி போகும் இடத்தில் குறைவு; யாருமே போகாத தொலைவிலும் குறைவு. பழங்குடி வேட்டை எதுவானாலும் நன்மையே என்று பரவசப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேட்டை என்றாலே அழிவு என்கிறவர்களும்தான். கங்காருவை வீழ்த்துகிற ஆண் அதைத் தானே பங்கிடுவதில்லை என்பதையும் கண்டேன். ஊருக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார். சுடுவதும் அறுப்பதும் கொடுப்பதும் மற்றவர் வேலை. பெண்களின் உடும்பு ஏறத்தாழ உறுதியான உணவு, கங்காரு கிடைத்தால் உண்டு. ஆனால் அன்று மாலை ஊர் முழுக்கப் பேச்சு கங்காருவைப் பற்றியே இருந்தது. இந்த விஷயத்தில் மனிதர்கள் எங்கும் ஒன்றுதான் போலும்.

கண்டத்தின் பிற மூலைகளில் இதே கதை வேறு உருவங்களில் நடந்திருக்கிறது. தென்கிழக்கே விக்டோரியாவின் புல்வெளிகளில் முர்னாங் என்னும் கிழங்கைப் பெண்கள் கூட்டமாகத் தோண்டினார்கள்; தோண்டத் தோண்ட மண் பொலபொலப்பாகி, விட்டுவைத்த சிறு கிழங்குகள் மறுபடி பெருகின. 1830களுக்குப் பின் செம்மறி மந்தைகள் வந்து, மூக்கால் கிளறிக் கிழங்கைத் தின்று, குளம்பால் மண்ணை இறுக்கின. சில ஆண்டுகளிலேயே பல இடங்களில் முர்னாங் அருகிப்போனது. வடக்கே ஆர்னெம் நிலத்தில் காட்டு வள்ளிக்கிழங்கை எடுக்கிறவர்கள் தலைப்பாகத்தைக் கொடியோடு மண்ணிலேயே விட்டுவிடுவார்கள். அங்கேயே மேற்குப் பீடபூமியில், பார்டயல் நட்ஜமெரெக் என்னும் ஓவியரும் பிற மூத்தோரும், மக்கள் கீழே இறங்கிவிட்டதால் தங்கள் நிலம் ஆண்டுதோறும் வறட்காலத்தின் பிற்பகுதியில் பெருந்தீயில் வேகிறது என்று வருந்தி, வறட்காலத்தின் தொடக்கத்தில் வைக்கும் சிறுதீயை மீட்டார்கள். 2006இல் அது சுமார் 28,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஆண்டுக்கு 1,00,000 டன் கரியமில வாயுவுக்கு நிகரான வெளியீட்டைக் குறைக்கும் ஏற்பாடாகி, டார்வினில் எரிவாயுவைத் திரவமாக்கும் நிறுவனம் ஒன்று 17 ஆண்டுகளுக்குப் பணம் தர ஒப்பியது.

நல்ல ஏற்பாடுதான், வேலை கிடைத்தது, மூத்தோர் தங்கள் நிலத்துக்குத் திரும்ப முடிந்தது. ஆனாலும் ஹெலிகாப்டரிலிருந்து தீக்குண்டுகளைத் தூவுவதற்கும் பாட்டி காற்றைப் பார்த்து நடந்ததற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. நடந்து எரிக்கிறவர் எரித்த இடத்தில் தலையைத் தாழ்த்தி ஒவ்வொரு அடியையும் பார்க்கிறார். எந்தத் தடம் புதிது, எது பழையது, எந்தப் பிராணி இந்த வாரம் இந்தப் பக்கம் வரவில்லை என்பதெல்லாம் அவருக்குச் செலவில்லாமல் தெரிகிறது. மேற்குப் பாலையில் கிவிர்குரா என்னும் ஊரைச் சுற்றியுள்ள பிந்துபி என்னும் பூர்வகுடி மக்கள் காட்டுப்பூனையை வேட்டையாடி உண்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தடத்தைப் பிடித்துக்கொண்டே மணிக்கணக்கில் பின்தொடர்ந்து, பூனை களைத்து நிற்கும்வரை விடாமல் போகிற கைவண்ணம் அது. பூனையால் அழிந்துகொண்டிருக்கும், நீண்ட காதுடைய சிறு பாலூட்டியான பில்பிக்கு அந்தப் பகுதி இன்னும் புகலிடமாக இருக்கிறது. பூனைக் கறி எப்படியிருக்கும் என்று பண்ங்குரில் ஒருவரிடம் கேட்டேன். உடும்பு இல்லாத நாளைக்குப் பரவாயில்லை என்றார்.

சட்டம் இதையெல்லாம் ஏற்றுக்கொள்ள நெடுநாள் பிடித்தது. 1994இல் கார்பெண்டாரியா வளைகுடாப் பகுதியில் மரபான எறியீட்டியால் இரண்டு இளம் முதலைகளைப் பிடித்த மர்ரண்டூ யானர் என்னும் பூர்வகுடியினர் மீது, உரிமம் இல்லாமல் வேட்டையாடியதாகக் குவின்ஸ்லாந்து மாநிலம் வழக்குத் தொடுத்தது. விலங்குகள் அரசின் சொத்து என்று மாநிலச் சட்டம் சொல்வதாலேயே பூர்வீக வேட்டை உரிமை அழிந்துவிடாது என்று 1999இல் நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறைச்சியைக் கொஞ்சம் உண்டு மீதியை வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார் என்ற செய்தியைக் கொண்டு, அது மரபு வேட்டையே அல்ல என்று பேசியவர்களும் உண்டு. பாட்டியின் கடப்பாரையும் எங்களை ஏற்றிச்சென்ற டொயோட்டா வண்டியும் அவர்களை என்ன செய்திருக்கும் என்று தெரியவில்லை.

உண்மையில் அந்த டொயோட்டாதான் இன்று எல்லாவற்றுக்கும் அச்சாணி. ஊரில் ஓடும் நிலையில் எத்தனை வண்டி இருக்கிறதோ, எத்தனை லிட்டர் எரிபொருள் வாங்க முடிகிறதோ, அவ்வளவுதான் வேட்டை, அவ்வளவுதான் தீ. நான் போயிருந்த வாரத்தில் ஓடியது இரண்டு வண்டிகள். 2014இல் மேற்கு ஆஸ்திரேலிய அரசு, தொலைதூரச் சமூகங்களில் 150 வரை மூட நேரிடலாம் என்றது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அப்போதைய பிரதமர் டோனி அபட், வாழ்க்கைமுறைத் தேர்வுகளுக்கு வரிப்பணத்தில் செலவிட முடியாது என்றார். குடிநீர்க் குழாய்க்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவை அவர்கள் எண்ணினார்கள். அந்தக் கணக்கு எனக்கும் தெரியும், பம்புகளுக்கான பட்டியலை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஊர் காலியானால் அதைச் சுற்றியுள்ள நிலம் என்னவாகும் என்பதற்கு 1964க்குப் பிந்திய இருபது ஆண்டுகள் இருக்கின்றன. பட்டியலில் அதற்கான பத்தி எதுவும் இல்லை.

அன்றைய மதியத்துக்கு வருகிறேன். உடும்புகளை முதலில் தீ நாக்கில் புரட்டிப் பொசுக்கி, தோலின் செதில்களைச் சுரண்டி, பிறகு கங்குகளை விலக்கிச் சுடுமணலில் கிடத்திச் சாம்பலால் மூடினார்கள். எடுத்ததும் வெள்ளைச் சதை நார்நாராகப் பிரிந்தது. வயிற்றில் மஞ்சள் கொழுப்பு இரண்டு விரல் கனத்தில் இருந்தது. கொழுப்புத்தான் மேலான பங்கு. அதைப் பாட்டி முதலில் குழந்தைகளுக்குக் கொடுத்தார். வளையை மிதித்துக் கெடுத்தவனுக்கும் விரலளவு வந்தது.

2013 செப்டம்பரில் மறுபடி அதே பம்புக்காகப் போனேன். பாட்டிக்கு நடை தளர்ந்திருந்தது, வண்டியை விட்டு இறங்கவில்லை. நாங்கள் எரித்த இடத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருடைய பேத்திதான் காட்டினாள். கரியாகக் கிடந்த தரையில் கணுக்காலளவு வாமுலாச் செடிகள் நின்றன, வெளிர்மஞ்சள் பழங்கள் மணலில் உதிர்ந்து கிடந்தன. ஒன்றைப் பொறுக்கி அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். நாக்கு கசந்து நான் துப்புவதைப் பார்த்து வண்டிக்குள்ளிருந்து பாட்டி உரக்கச் சிரித்தார். பேத்தி ஒரு குச்சியை ஒடித்து என் கையில் கொடுத்து, "முதலில் விதையை எடுங்கள்" என்றாள்.